திரும்பி வந்தவர்களுக்கு மட்டும்

அத்தியாயம் 17

சுரேந்திரன் கேட்டின் மேல் வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. வெளியே வெள்ளை வேன். வேனைச் சுற்றி ஆறு பேர். போன வாரம் விட்ட இடத்திலேயே எல்லாரும் நிற்கிறார்கள். மூடியிருந்த பனி மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது.

"பிரிண்ட் காட்டுங்க சார். நம்பர் போட்ட பிரிண்ட்."

"அதாங்க சொல்லிக்கிட்டே இருக்கேன். பணம் கட்டி முடிச்ச அடுத்த நிமிசம் கரண்ட் போயிருச்சு. பிரவுசிங் சென்டர்ல எல்லாமே அணைஞ்சுபோச்சு. மறுநாள் பேங்க்ல போய்ப் பாத்தா பணம் கழிஞ்சிருக்கு. மூணு ரூம், ரெண்டு நாளைக்கு."

சொன்னவர் சுப்புராஜ். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். மகளுக்குக் கல்யாணம் முடிந்து மூன்று வாரம்தான் ஆகிறது. மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையைப் பெற்றவர்கள், தன் மனைவி சண்முகசுந்தரி என்று எல்லாரையும் தன் செலவில் கொடைக்கானல் கூட்டி வந்திருக்கிறார். சம்பந்தி பழனிச்சாமி மடிப்புக் கலையாத வேட்டியோடு இரண்டடி தள்ளி நின்று, காதில் விழாதது போல மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெயில் வந்திருக்குங்க. ஒரு நிமிசம்," என்று சுப்புராஜ் தோள்பைக்குள் கையை விட்டார்.

"மெயில் வேணாம் சார். மெயில யாரு வேணா அடிச்சுக்கலாம். நன்றின்னு போட்டு, கீழ ஒரு நம்பர் இருக்கும். அந்தப் பக்கத்தப் பிரிண்ட் எடுத்துட்டு வந்தா ரூம், இல்லைன்னா இல்லை. சீசன்ல இப்பிடி டெய்லி நாலு பேரு வர்றாங்க, கட்டுனேன் கட்டுனேன்னு."

பைக்குள் போன கை அங்கேயே நின்றது.

"நாலு பேருன்னா? என்ன சொல்ல வர்றீங்க?"

"ஃபிராடுன்னு நான் சொல்லலை சார். நீங்களாச் சொல்லிக்கிறீங்க."

ஆபீஸ் அறையிலிருந்து சத்தியபிரியா ஓடி வந்தாள். இந்த வீட்டின் சின்ன மருமகள். திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் படித்தவள். வாசலில் நடப்பது என்ன என்று இந்த வீட்டில் புரிந்த ஒரே ஆள்.

"அத்தான், ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க. உள்ள பாத்துச் சொல்லிர்றேன்."

"நீ உள்ள போ."

"பணம் வந்திருக்கும் அத்தான், நமக்குத்தான் காட்டாது. நான் அன்னிக்கே..."

"உள்ள போன்னு சொன்னேன்."

பழனிச்சாமி மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சம்பந்தியின் தோளைத் தொட்டார். "விடுங்க சம்பந்தி. வேற எடம் பாப்போம். பணம் போனா போகுது."

அந்தப் பெருந்தன்மைதான் சுப்புராஜைக் கொன்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மகளைக் கட்டிக் கொடுத்த இடத்தில், பணம் கட்டாமல் கட்டினேன் என்று சொன்ன ஆளாக அவர் நிற்க வேண்டியதாயிற்று. தோள்பையை மூடிக்கொண்டு வேனில் ஏறினார். சண்முகசுந்தரி மட்டும் ஏறும் முன் திரும்பி, கேட்டுக்கு உள்ளே நின்ற பிரியாவை ஒரு பார்வை பார்த்தாள். நீயும் ஒரு வீட்டுப் பெண்தானே என்று கேட்கிற பார்வை அது.

வேன் வில்பட்டி ரோட்டில் இறங்கி மறைந்தது. சுரேந்திரனின் மனைவி சுதாராணி வராந்தாவில் நின்று, "காலங்காத்தால வந்துட்டாங்க," என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டினாள்.

பிரியா இரண்டு பேரையும் முறைத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

ஹட்டன் ஹவுஸ் என்ற பெயரைப் பார்க்கிறவர்கள் ஏதோ வெள்ளைக்காரத் துரை கட்டியது என்று நினைத்துக்கொள்வார்கள். கட்டியவர் சூசைமுத்து. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மனைவி மூக்கம்மாவோடு, ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறி, கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் வந்து இறங்கியவர். முகாமில் கையில் அட்டை இருந்தவர்களுக்கு அரிசி கிடைத்தது. அட்டையைத் தொலைத்தவர்கள் வெயிலில் நின்றார்கள். அன்றிலிருந்து, கையில் சீட்டு இருந்தால்தான் ஆள் என்பது அவர் கட்சி. எட்டு அறையும் வளர்ந்து, மகன் சுரேந்திரன் நிர்வாகமும் வந்து, இன்டர்நெட்டும் வந்த பிறகும் அந்தக் கட்சி மாறவில்லை. சீட்டுக்குப் பதில் பிரிண்ட், அவ்வளவுதான்.

வெப்சைட்டைச் செய்து கொடுத்தவன் சுதாராணியின் தம்பி ஞானவேல். திண்டுக்கல்லில் கடை போட்டு விசிட்டிங் கார்டு அடிப்பவன். பக்கத்துக்குப் பக்கம் ரோஜாப்பூவெல்லாம் நன்றாகத்தான் போட்டிருந்தான். கோளாறு வேறு இடத்தில் இருந்தது. அறை பிடிக்கிறவர் பணம் கட்டுவது நம் சைட்டில் இல்லை. பணம் வாங்கித் தரும் கம்பெனியின் பக்கத்தில். கட்டி முடித்ததும் அந்தக் கம்பெனி ஆளை மறுபடி நம் சைட்டுக்குத் திருப்பி அனுப்பும். அப்படி வந்து 'நன்றி' பக்கத்தைத் திறந்தால்தான் நம் கம்ப்யூட்டர் அறையைப் பதியும். வழியில் லைன் அறுந்தால், கரண்ட் போனால், திரையில் பக்கத்தை மூடிவிட்டால் பணம் மட்டும் வந்து சேரும். பெயர் வராது.

இதற்கு மருந்து இருந்தது. ஆள் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், பணம் வந்த சேதியைக் கம்பெனியே நேராக நம் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். எந்த முகவரிக்குச் சொல்வது என்று கேட்டு ஒரு கட்டம் இருக்கும். ஞானவேல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தான்.

போன மாதமே பிரியா இதை எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாள். "பொட்டி தட்டுறதெல்லாம் என் தம்பி பாத்துக்கிருவான். நீ கிச்சனைப் பாரு," என்று சுதாராணி முடித்துவிட்டாள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இந்த வீட்டில் மாமியார் இடத்தில் மூத்த மருமகளின் தம்பி இருந்தான்.

பிரியா நேராக ஆபீஸ் அறைக்குப் போனாள். பணக் கம்பெனியின் கணக்கைத் திறக்க ஒரு ரகசியச் சொல் வேண்டும். சுரேந்திரன் அதை யாரிடமும் சொல்ல மாட்டான். ஆனால் தானே மறந்துவிடுவான் என்பதால் தினசரி காலண்டரின் அட்டையில், கேஸ் ஏஜென்சி நம்பருக்குக் கீழே, கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தான்.

பட்டியல் மெதுவாக இறங்கியது. சுப்புராஜ், மூன்று அறை. பணம் கட்டியது ஏப்ரல் இருபத்திரண்டு. நிலை: வந்து சேர்ந்தது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைத் தேடினாள். அந்த மூன்று அறைகளிலும் இப்போது பெங்களூரிலிருந்து வந்த ஐந்து பையன்கள் தங்கியிருந்தார்கள். நேற்று பிரிண்டை நீட்டினார்கள். சுரேந்திரன் பல்லைக் காட்டிச் சாவியைக் கொடுத்தான். பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே இருந்தது: தோல்வி. கார்டில் பணம் எடுபடவில்லை.

எப்படி? மறுபடி பார்த்தாள். புரிந்தபோது தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பணம் கட்டியவர் திரும்பி வரும் வழிக்கும், கட்ட முடியாதவர் திரும்பி வரும் வழிக்கும் ஞானவேல் ஒரே முகவரியைக் கொடுத்திருந்தான். யார் வந்தாலும் நன்றி. யார் வந்தாலும் அறை. பணம் கட்டினவர் ரோட்டில், கட்டாதவர்கள் கட்டிலில்.

சுப்புராஜ் மெயில் என்றாரே என்று அதையும் திறந்து பார்த்தாள். அந்தப் பெயரில் ஒரு கடிதமும் இல்லை. யோசிக்க நேரம் இல்லாமல் பட்டியலைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

சமையலறையில் மூக்கம்மா பூண்டியிலிருந்து வந்த பூண்டை உரித்துக்கொண்டிருந்தாள். சூசைமுத்து பலகையில் உட்கார்ந்து பால் இல்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சுரேந்திரனும் சுதாராணியும் தோசைத் தட்டோடு நின்றார்கள். பிரியா தாளை அடுப்பு மேடையில் வைத்தாள்.

"பணம் வந்திருக்கு அத்தான். பதினெட்டு நாளாச்சு வந்து."

சுரேந்திரன் தாளைப் பார்த்தான். காதின் நுனி சிவந்தது. உடனே செல்போனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"கோடிங்ல தப்பே இல்ல மாமா," என்றான் ஞானவேல் திண்டுக்கல்லிலிருந்து. "கஸ்டமர் திரும்பி வரணும். வரலைன்னா நான் என்ன பண்ண முடியும்?"

"பணம் கட்டாதவங்க திரும்பி வந்தாலும் நன்றின்னுதானே சொல்லுது உங்க கோடிங்?" என்றாள் பிரியா.

"மாமா, சிக்னல் விட்டு விட்டு வருது," என்ற குரல் தெளிவாகக் கேட்டது. போன் அணைந்தது.

சுரேந்திரன் தட்டைக் கீழே வைத்தான். "சரி, ஆனது ஆச்சு. பிரியா, அந்த ஆளுக்குப் போன் போடு. நாந்தான் என்ட்ரி போட மறந்துட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு சொல்லு. பொம்பளப் புள்ள சொன்னா விட்டுருவாங்க. பணத்தத் திருப்பிக் குடுத்துருவோம்."

"நான் மறக்கலையே அத்தான்."

"மறந்ததாச் சொல்லு. சைட்டே கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா இந்த சீசன் அம்புட்டுதான். சொன்னா என்ன, தேஞ்சா போயிருவ?"

"உங்க மச்சினன் பேரைச் சொன்னா அவரு தேஞ்சு போயிருவாரா?"

சுதாராணி முன்னால் வந்தாள். "இந்தா, என் தம்பிய இழுக்காத. அவன் வீட்டுப் பால்காய்ப்புக்கு நாங்க எல்லாம் குடும்பத்தோட போனோம். நீயும் ஒன் புருசனும் மட்டும் புக்கிங் பாக்கணும்னு இங்கேயே இருந்துக்கிட்டீங்களே, என்னத்தப் பாத்தீங்க? பாத்திருந்தா இது அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்ல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பால்காய்ப்பு நடந்த ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி பிரியா எங்கே இருந்தாள் என்பது நமக்குத் தெரியும். பழனிப் பக்கம் காலே வைக்கக் கூடாது என்று கல்யாணச் சண்டையோடு சூசைமுத்து போட்ட உத்தரவை மீறி, கண் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த அப்பாவைப் பார்க்க முதல் பஸ் பிடித்துப் போய், சாயங்காலத்துக்குள் திரும்பி வந்தாள். புருஷன் குமாருக்கு மட்டும்தான் அது தெரியும். போயிட்டு வா, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பி வைத்தவனே அவன்தான்.

அந்த ரகசியமும் சேர்ந்து கோபமாகத்தான் வெளியே வந்தது. அவள் மாமியார் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, அந்தக் கணக்கப்பிள்ளை கதையைச் சொல்லுங்க."

மூக்கம்மா நிமிர்ந்தாள். "என்ன கதை?"

"நான் சொல்றேன். ஆத்துல தண்ணி வந்து நீங்க அந்தக் கரையில மாட்டிக்கிட்டீங்க. கூடை நெறையக் கொழுந்து. தண்ணி வடிஞ்சு நீங்க வந்து சேர்றதுக்குள்ள நிறுவை முடிஞ்சிருச்சு. கொழுந்த லாரியில தட்டிக்கிட்டான். ஆனா பேர் போடலை. நிறுவைக்கு வராத ஆளுக்குப் பேர் இல்லைன்னான். இதானே அத்தை?"

தோட்டத்தில் பேர் போடுவது என்றால் அன்றைய வேலையைப் பதிவது. அன்றைக்குப் பேர் விழாவிட்டால் அன்றைக்கு உழைக்கவே இல்லை என்று அர்த்தம். முப்பத்தைந்து வருடமாக மூக்கம்மா அந்தக் கணக்கப்பிள்ளையைத் திட்டுகிறாள். சோறு குழைந்தாலும் அவன்தான், முழங்கால் வலித்தாலும் அவன்தான். அவன் செத்து எத்தனை வருடமாயிற்றோ, இவள் இன்னும் விடவில்லை.

"ஆமா," என்றாள் மூக்கம்மா.

"இன்னிக்குக் காலையில நம்ம வாசல்ல நின்னது அந்தக் கணக்கப்பிள்ளைதான் அத்தை. பணத்தத் தட்டிக்கிட்டோம். பேர் போடலை. கேட்ட மனுசனை சம்பந்தி முன்னாடி ஃபிராடுன்னு சொல்லி அனுப்பிட்டோம். இப்ப நான் போயிப் பொய் சொல்லி அதை மூடணுமாம்."

"பிரியா," என்று சுரேந்திரன் அதட்டினான்.

"கத்தாதீங்க அத்தான். வாசல்ல கத்துனது போதும்."

இந்த வீட்டில் எந்த மருமகளும் இப்படிப் பேசியதில்லை. சூசைமுத்து டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கையில சீட்டு இல்லாம வந்தா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் மூக்கம்மா. மடியிலிருந்த பூண்டுத் தோலைத் தரையிலேயே உதறிவிட்டு எழுந்தாள். முகம் கறுத்திருந்தது. "ஏலே சுரேந்திரா. ஒன் ரூம ஒழி."

"எதுக்கும்மா?"

"மூணு ரூமுக்குப் பணம் வாங்கியிருக்கல்ல. நம்ம வீட்டுல மூணு ரூமு கெடக்கு. நாம அடுப்படியில படுப்போம்."

"அந்தப் பையன்கள வெளிய அனுப்பிட்டா..."

"அவுங்க சாமான வச்சிட்டு ஏரிக்குப் போயிருக்காங்க. தூக்கி வெளிய போடுவியா? அதையும் செய்வ நீயி. மொதல்ல கட்டில்ல கெடக்குற துணிய எடு." பிறகு பிரியாவிடம், "நீ போயிக் கூட்டிட்டு வா. வெரசாப் போ, மலை எறங்கிறப் போறாங்க," என்றாள்.

சுதாராணி தன் புதுக் கட்டிலையும், கீசர் வைத்த பாத்ரூமையும் நினைத்திருக்க வேண்டும். பாதித் தோசையை அப்படியே வைத்துவிட்டாள்.

பட்டியலில் சுப்புராஜின் போன் நம்பர் இருந்தது. இரண்டு தடவை யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை சண்முகசுந்தரி எடுத்தாள்.

"ஏரிகிட்ட நிக்கிறோம். எங்கேயும் ரூமே இல்லைங்கிறாங்க. இவரு யாரோடயும் பேச மாட்டேங்கிறாரு. சம்பந்தி கீழ எறங்கிருவோம்னு சொல்றாரு. நீங்க யாரு?"

"காலையில கேட்டுக்குள்ள நின்னேனே, நான்தாங்க. கொஞ்சம் இருங்க, வந்துர்றேன்."

குமார் ஜீப்பை எடுத்துக்கொண்டு சவாரிக்குப் பூண்டி போயிருந்தான். வில்பட்டியிலிருந்து கேரட் மூட்டையோடு வந்த வேனைக் கைகாட்டி நிறுத்தி, மூட்டைகளுக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்கார்ந்து போனாள். வழியெல்லாம் கோபம் ஆறவில்லை. சுரேந்திரன் மேல் கோபம், ஞானவேல் மேல் கோபம், தோசையோடு நின்ற ஓரகத்தி மேல் கோபம். அன்றைக்கு இன்னும் கத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று தன் மேலும்.

ஏரிக்கரையில் சோளக்கருது வண்டிகளுக்குப் பின்னால் வெள்ளை வேன் நின்றது. சுப்புராஜ் சக்கரத்தருகே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்.

"எதுக்கு வந்தீங்க? இன்னும் ஏதாவது சொல்ல விட்டுப்போச்சா?"

"நீங்க பணம் கட்டுனது உண்மை சார். பாத்துட்டேன்." தாளை நீட்டினாள். "தப்பு எங்களுது. பணம் கட்டிட்டுத் திரும்பி எங்க பக்கத்துக்கு வந்தவங்க பேரை மட்டும்தான் எங்க கம்ப்யூட்டர் எழுதிக்குது. நீங்க வர்றதுக்குள்ள கரண்ட் போயிருச்சு. அதனால எழுதலை. அது எங்க சைட்டுல உள்ள கோளாறு, எங்களுக்கு முன்னாடியே தெரியும். சரி பண்ணலை."

மறந்துவிட்டேன் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.

சுப்புராஜ் தாளை வாங்கவில்லை. "இத என்கிட்டச் சொல்லி என்னம்மா? நான் கட்டுனது எனக்குத் தெரியாதா? அங்க சொல்லு."

பழனிச்சாமி வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். பிரியா சன்னல் ஓரம் போய் முதலிலிருந்து திரும்பச் சொன்னாள். புது மாப்பிள்ளை தாளை வாங்கிப் படித்து அப்பாவுக்குக் காட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயரையும் தேதியையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி வந்தார்.

"சம்பந்தி, நான் சந்தேகப்படலை. அதச் சொல்லிர்றேன்."

"நீங்க படலைங்க. ஆனா பணம் போனா போகுதுன்னு சொன்னீங்க." சுப்புராஜின் குரல் உடைந்தது, அதை மறைக்க இன்னும் கோபமாகப் பேசினார். "இந்தாம்மா. எனக்கு ஒங்க ரூமும் வேணாம், பணமும் வேணாம். என்னை ஃபிராடுன்னு சொன்ன ஆளு, அதே வாசல்ல, இதே ஆளுக முன்னாடி, சொன்னது தப்புன்னு சொல்லணும். சொல்வாரா?"

"சொல்வாரு. வாங்க."

எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சீசன் நெரிசலில் ஊர்ந்து வேன் மறுபடி ஹட்டன் ஹவுஸ் வாசலுக்கு வந்தபோது மணி இரண்டு. பனி திரும்ப இறங்கத் தொடங்கியிருந்தது. கேட் இந்த முறை முழுக்கத் திறந்து கிடந்தது. வராந்தாவில் சுரேந்திரனின் தலையணைகள், சூசைமுத்துவின் டிரங்குப் பெட்டி, சுதாராணியின் பவுடர் டப்பாக்கள் எல்லாம் குவிந்திருந்தன. மூக்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் சுரேந்திரன், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான்.

ஆறு பேரும் இறங்கினார்கள். காலையில் யார் எங்கே நின்றார்களோ அங்கேயே போய் நின்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"சொல்லுலே," என்றாள் மூக்கம்மா.

சுரேந்திரன் ஓரடி முன்னால் வந்தான். "சார், நீங்க பணம் கட்டியிருக்கீங்க. வந்திருச்சு. பாக்காமப் பேசிட்டேன். நான் பேசுனது தப்பு." பழனிச்சாமியின் பக்கம் திரும்பி, "தப்புங்க," என்று இன்னொரு தடவை சொன்னான்.

சுப்புராஜ் பெருமூச்சு விட்டார். காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு. சண்முகசுந்தரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிரியாவுக்கு, போன மாதத்திலிருந்து நெஞ்சில் கிடந்த ஒன்று இறங்கியது போல இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"சரி விடுங்க," என்றார் சுப்புராஜ். மனது இளகியதும் மனிதருக்குப் பேச்சு வந்துவிட்டது. "இந்தப் பொண்ணு நல்ல பொண்ணுங்க. ஏம்மா, சத்தியபிரியாங்கிறது நீங்கதானே? பணம் வந்துச்சான்னு நான் கேட்டதுக்கு நீங்க மெயில் போட்டத நம்பித்தானே நாங்க கிளம்பியே வந்தோம். காலையில அதக் காட்டத்தான் பைக்குள்ள கைய விட்டேன். இவரு விடலை."

"நானா?" என்றாள் பிரியா.

அவர் தோள்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினார். அவள் கை நீளும் முன்பே சுரேந்திரன் வாங்கிவிட்டான். ஆங்கிலத்தில் மூன்றே வரி. உங்கள் பணம் வந்து சேர்ந்தது. மூன்று அறைகளும் உங்களுக்குத்தான். கிளம்பி வாருங்கள். கீழே சத்தியபிரியா, ஹட்டன் ஹவுஸ். ஏப்ரல் இருபத்து நாலு, பகல் பதினொன்று பத்து.

சுரேந்திரன் அதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான். படிக்கப் படிக்கக் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.

"பணம் வந்தது தெரியும். ரூம் தர்றேன்னு ஒத்துக்கிட்டு மெயிலும் போட்டிருக்க. என்ட்ரி மட்டும் போடலை." தாளை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தான். "மறக்கலைன்னு குதிச்சாளேம்மா. என்னை வாசல்ல நிறுத்தித் தப்புன்னு சொல்ல வச்சாளே. இது யாரு பேரு, படிக்கச் சொல்லு."

"என் தம்பிய என்ன பேச்சுப் பேசுனா," என்றாள் சுதாராணி.

மூக்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மருமகளின் முகத்தைத்தான் பார்த்தாள். "நீயா போட்ட?"

பகல் பதினொன்று பத்து. அந்த நேரத்தில் பிரியா பழனியில், அப்பாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். சுரேந்திரனும் சுதாராணியும் மாமனார் மாமியாரும் திண்டுக்கல்லில் பால்காய்ப்புப் பந்தியில் இருந்தார்கள். அன்றைக்கு இந்த வீட்டில், அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அந்த ஆள்தான் அவள் பெயரில் பதில் போட்டிருக்கிறான். யாரும் பார்க்காமல் இருக்கக் கடிதத்தையும் அழித்திருக்கிறான். பதினாறு நாள் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் போட்டேன் என்றால் பொய். போடவில்லை என்றால் எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள்.

அப்போதுதான் ரோட்டு வளைவில் ஜீப் வந்தது. குமார். சவாரி இறக்கிவிட்ட சந்தோஷத்தில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு வந்தவன், வாசலில் கூட்டத்தைப் பார்த்து வேகத்தைக் குறைத்தான். வராந்தாவில் குவிந்த சாமானைப் பார்த்தான். வெள்ளை வேனைப் பார்த்தான். கடைசியாக அண்ணன் கையில் இருந்த தாளைப் பார்த்தான்.

பிரியா அவன் கண்ணைத் தேடினாள். அது அவள் பக்கம் வரவே இல்லை. இன்ஜினை அணைக்காமல், அவன் ஜீப்பை ரிவர்ஸ் எடுத்தான். சக்கரம் சரளைக்கல்லில் வழுக்கித் திரும்பியது. வந்த வழியே போனது.

சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். காலையிலிருந்து எரிந்த கோபம் எல்லாம் ஓரிடத்தில் வந்து நின்றது. குரலில் நடுக்கம் இல்லை. மாமனாருக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே சொன்னாள்.

"அத்தை, நான் போடலை. அன்னிக்கு நான் இங்க இல்லை. பழனியில எங்கப்பா வீட்டுல இருந்தேன்."